பழைய கேமிங் பிசியில் எதை மாற்றுவது? ஹட்டனில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். சித்திரைக்கும் தீபாவளிக்கும் முன்னால் எங்கள் கடைக்கு ஒரு கூட்டம் வரும். தோட்டத்தில் அம்மாவுக்கு அட்வான்ஸ் காசு கிடைத்திருக்கும், இல்லையென்றால் கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் கொஞ்சம் அனுப்பியிருப்பார். பையன் காசைக் கையில் வைத்துக்கொண்டு "எதையாவது மாத்தணும்ணே" என்று நிற்பான். பிறகு வருவதெல்லாம் இந்தக் கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பக்கம் அதிகம் பார்க்கும் பிசி ஒன்று உண்டு: ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிபியு (பிசியின் மூளை), 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்ட் (திரைக்குப் படம் வரைவது). கீழே "நம்ம ஊர் பிசி" என்று வந்தால் இதைத்தான் சொல்கிறேன்.

அண்ணே, பிசி பழசாகிப் போச்சு, கேம் எல்லாம் இழுக்குது. முதல்ல எத மாத்துறது?

எப்படி இழுக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். தொடக்கத்திலிருந்தே படம் ஒரே சீராக மெதுவாக ஓடினால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்ட். நன்றாக ஓடிக்கொண்டிருந்து, சந்தியில் வண்டி திரும்பும்போதோ நாலு பேர் ஒன்றாகச் சுடும்போதோ தடக்கென்று நின்று நின்று போனால் சிபியு, ரேம், ஹார்ட் டிஸ்க் மூன்றில் ஒன்று. லோடிங் திரை முடிவதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம் என்றால் ஹார்ட் டிஸ்க். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு தொய்ந்தால் சூடு. படாரென்று அணைந்து போனால் முதலில் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும்.

எந்தப் பிசியிலும் ஏதாவது ஒரு பார்ட்ஸ் மற்ற எல்லாவற்றையும் காக்க வைத்துக்கொண்டிருக்கும். அது எது என்று தெரியாமல் காசைச் செலவழித்தால், காக்கிற கூட்டத்தில் இன்னும் விலை கூடிய ஓர் ஆளைச் சேர்த்த மாதிரிதான்.

அது எதுனு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு கொம்பியூட்டர் பத்தி அவ்வளவா தெரியாது.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். அதோடு வரும் ரிவாட்யூனர், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டும். கார்டின் பயன்பாடு, கார்டின் நினைவகம், சிபியுவின் ஒவ்வொரு கோரின் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பயன்பாடு, ரேம், கார்ட், சிபியு இரண்டின் வெப்பநிலை, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்). இவை போதும். நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமை இருபது நிமிடம் விளையாடுங்கள்.

கார்ட் 95 முதல் 99 சதவீதத்திலேயே நின்றால் கார்ட்தான் முழு மூச்சில் ஓடுகிறது, அது போதவில்லை. கார்ட் 50, 60 இல் சும்மா இருக்க, சிபியுவின் ஒன்றிரண்டு கோர் 100 ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் சிபியு. சிபியுவின் மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை) உள்ள சிபியுவில் இரண்டு திரெட் மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கு 40 என்றுதான் காட்டும்.

சந்தேகம் தீரவில்லையா? கேமின் ரெசல்யூஷனை 1080 இலிருந்து 720 க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்ட். ஏறவில்லை என்றால் சிபியு. நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி பெரிய கார்ட் வாங்கக் காசோடு வந்தான். அவனிடம் ஏற்கெனவே ஆர்எக்ஸ் 580 கார்ட் இருந்தது, சிபியு ஐ5-4570. ஜிடிஏ 5 இல் நகரத்துக்குள் காரை ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். 52 எஃப்பிஎஸ், கார்ட் 60 சதவீதம், சிபியுவின் நாலு கோரும் 98 க்கு மேல். 720 க்குக் குறைத்தோம்: 53. ஓர் எஃப்பிஎஸ்தான் கூடியது. கார்ட் வாங்கியிருந்தால் அவ்வளவு காசும் வீண்.

இன்டர்நெட்ல பாட்டில்நெக் கால்குலேட்டர் இருக்கே, அது போதாதா?

போதாது. எந்தப் பார்ட்ஸ் மற்றதைக் காக்க வைக்கிறது என்பது கேமுக்குக் கேம், செட்டிங்குக்குச் செட்டிங் மாறும், அந்தக் கால்குலேட்டர் அதற்கு ஒரே ஒரு சதவீதம் சொல்கிறது. மேலே சொன்ன இருபது நிமிடத்தைச் செலவழியுங்கள்.

கடையில ரேம் போட்டா எல்லாம் சரியாகும்னு சொல்றாங்க. உண்மையா?

8 ஜிபியில் ரேம் எண் 7.5 ஐத் தாண்டி, அதே நேரம் டிஸ்க் 100 சதவீதத்தில் கிடந்தால் உண்மை. பின்னால் குரோமில் பத்து டேப் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இன்னும் உண்மை. இன்றைய கேம்களுக்கு 16 ஜிபி வேண்டும். 16 இருப்பவர் 32 போட்டால் பெரும்பாலான கேம்களில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை குச்சி என்பதும் முக்கியம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் சிபியு ஒற்றைப் பாதையில்தான் ரேமோடு பேசும். இரண்டு குச்சியைச் சரியான சிலாட்டுகளில் போட்டால் இரட்டைப் பாதை. கார்ட் இல்லாமல் சிபியுவுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸிலேயே விளையாடுபவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். நாலு சிலாட் உள்ள போர்டில் பெரும்பாலும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். அப்புறம் பயோஸில் (பிசியைப் போட்டவுடன் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) எக்ஸ்எம்பியைப் (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதி) போடுங்கள். 3200 வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 2133 இல் வருடக்கணக்காக ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் உங்கள் போர்டு கேட்பது டிடிஆர்3 ஆ டிடிஆர்4 ஆ (ரேமின் தலைமுறை) என்று பாருங்கள். வெட்டு இருக்கும் இடம் வேறு, மாறிப் போகாது. இன்னொன்று, ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவித்ததால் 2025 பிற்பகுதியிலிருந்து டிடிஆர்4, டிடிஆர்5 விலை உலகம் முழுக்க ஏறியது. முன்பு "சும்மா ரேம் போட்டுப் பார்" என்று சொல்லிவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

எஸ்எஸ்டி போட்டா எஃப்பிஎஸ் கூடுமா?

கூடாது. ஆனாலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓட்டுகிற யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். ஹார்ட் டிஸ்க் நல்ல நாளில் நொடிக்கு 100, 150 எம்பி படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் வயரிலேயே மாட்டுவது) 500 ஐத் தாண்டும். அதைவிட, அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. திறந்த உலகக் கேம்கள் ஓடும்போதே டிஸ்கிலிருந்து அள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே வரும் தடக் தடக் குறைந்துவிடும். சைபர்பங்க் 2077, ஸ்டார்ஃபீல்ட் இரண்டும் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியைத்தான் கேட்கின்றன.

நம்ம ஊர் பிசிக்கு சாட்டா போதும். நாலாம் தலைமுறை போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ (போர்டிலேயே நேராகக் குத்தும் வேகமான எஸ்எஸ்டி) போட இடமே இருக்காது. அடாப்டர் வைத்துப் போட்டாலும் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாமல் மல்லுக்கட்ட வேண்டி வரும். எஸ்எஸ்டியை எடுத்து இன்னொரு பிசிக்கு மாற்றலாம் என்பதால் அந்தக் காசு வீணாகாது.

ஐ5 நாலாவது ஜெனரேஷன் வச்சிருக்கேன். ஐ7 போடவா, இல்ல போர்டையே மாத்தவா?

ஐ5-4570 இல் நாலு கோர், நாலு திரெட். ஐ7-4770 இல் நாலு கோர், எட்டு திரெட். இரண்டும் 2013 இல் வந்தவை, ஒரே சாக்கெட், 84 வாட். அந்தத் தலைமுறையின் எச்81, பி85 போர்டுகளில் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. தடக் தடக் நன்றாகக் குறையும், உச்ச எஃப்பிஎஸ் அவ்வளவு ஏறாது. பாவித்த ஐ7 குறைந்த விலைக்குக் கிடைத்தால் இரண்டு வருடத்தைத் தள்ள நல்ல வழி.

விலை கூடச் சொன்னால் வேண்டாம். 2022 இல் வந்த ஐ3-12100 க்கும் நாலு கோர், எட்டு திரெட்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் பழைய ஐ7 ஐ எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் போர்டு, சிபியு, ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும். அதனால்தான் பழைய போர்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காசைக் கொட்டுவதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: புதுப் போர்டு, சிபியு, ரேம் மூன்றுக்கும் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய போர்டுக்கு மட்டுமே பொருந்தும் சாமானில் போடாதீர்கள். இது என் கணக்கு, சட்டம் இல்லை.

என்னோடது ரைசன் 5 2600, பி450 போர்டு. எனக்கும் அதே கதைதானா?

உங்களுக்கு யோகம். அதே போர்டில் பயோஸை அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 போடலாம், கிடைத்தால் 5700எக்ஸ்3டி போடலாம். ரேம், போர்டு எதையும் தொட வேண்டாம். என் மேசைக்கு வருகிற பழைய பிசிகளில் இவ்வளவு சுலபமாக ஏறுவது ஏஎம்4 (இந்த ரைசன்கள் குத்தும் சாக்கெட்) மட்டும்தான்.

ஒரே பயம் பயோஸ் அப்டேட். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துப் போகலாம். மழை இருட்டிக்கொண்டு வரும் பின்னேரத்தில் செய்யாதீர்கள், காலையில் யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்றும் நம்பிவிட முடியாது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதாகச் சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போனது.

எந்த கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கலாம்? 4 ஜிபி போதுமா?

வலோரண்ட், டோட்டா 2 போதும் என்பவருக்கு 4 ஜிபி போதும். புதுக் கேம்களுக்கு 6 வேண்டும், 8 என்றால் நிம்மதி. கார்டின் நினைவகம் நிரம்பினால் எஃப்பிஎஸ் சராசரி நன்றாக இருப்பது போல் காட்டிக்கொண்டே படம் இடறும், டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) களிமண் பூசிய மாதிரி தெரியும்.

பழைய போர்டுக்குக் கார்ட் எடுக்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதாத ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்ட் போர்டோடு பேசுவது நாலு பாதையில் மட்டும். புதுப் போர்டில் அது சமாளிக்கும். எச்81 போர்டின் கார்ட் சிலாட் பிசிஐஇ 2.0 (பழைய, மெதுவான வகை), அதில் இந்தக் கார்ட் சாக்குக்குள் கட்டிப்போட்ட மாதிரி ஓடும். ஆர்எக்ஸ் 6600 க்கு எட்டுப் பாதை, 8 ஜிபி, 132 வாட். கொஞ்சம் இழப்பு இருந்தாலும் பரவாயில்லை. இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவைதான், ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அவை தொய்ந்துவிடும். நம்ம ஊர் பிசிக்கு ஆர்க் வேண்டாம்.

ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். இருக்கும் 1060 ஐத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் இப்போது காசு கொடுத்து 1060 வாங்குவதாக இருந்தால் இதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். 1650 இன்னும் டிரைவர் பட்டியலில் இருக்கிறது.

ஆபீஸ் பிசி அண்ணே, சின்ன கேசிங். இதுக்குள்ள கார்ட் போகுமா?

மெல்லிய கேசிங் என்றால் அரை உயரக் கார்ட்தான் போகும். பவர் வயரும் இருக்காது, அதனால் சிலாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுத்துக்கொள்ளும் கார்டாக இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 இன் அரை உயர வகை, அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் அரை உயர வகை. ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

இந்தக் கம்பெனி பிசிகள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் வேறு, போர்டில் குத்தும் பிளக்கும் வேறு. சாதாரண பவர் சப்ளை வாங்கிக்கொண்டு வந்து முழிக்காதீர்கள்.

பவர் சப்ளையில 500 வாட்னு எழுதியிருக்கு. போதும்தானே?

எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தைப் பாருங்கள். போன மாதம் மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த ஒன்றில் பெரிய எழுத்தில் 500 வாட், அந்தக் கட்டத்தில் 18 ஏ (ஆம்பியர்). 12 ஐ 18 ஆல் பெருக்கினால் 216. கார்டும் சிபியுவும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். அதில் 185 வாட் ஆர்எக்ஸ் 580 ஐ மாட்டி, சிபியுவுக்கு 84 ஐயும் சேர்த்தால் என்ன ஆகும்? அந்தத் தம்பிக்கு நாலாவது மெட்சில் அணைந்தது. கையில் தூக்கிப் பார்த்தேன், ஒரு கிலோ சீனிப் பக்கெட் அளவுகூடக் கனம் இல்லை.

கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையில் 75 வாட் கார்டுக்கு மேல் மாட்டாதீர்கள். 80 பிளஸ் சான்று உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 500 அல்லது 550 வாட் ஒன்றை வாங்கினால் அது இன்னும் இரண்டு பிசிக்கு உழைக்கும். பவர் சப்ளைக்குச் செலவழித்தால் ஓர் எஃப்பிஎஸ்கூட ஏறாது, அதனால் பையன்களுக்கு இதில் மனம் வராது. ஆனால் மட்டமான பவர் சப்ளை சாகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

எங்க லயத்துல ராத்திரியானா கரண்ட் டல்லா வருது. பிசிக்கு ஏதும் ஆகுமா?

பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட்டும் கேத்தலும் போட்டவுடன், டிரான்ஸ்ஃபோமரிலிருந்து தள்ளியிருக்கும் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) 230 வோல்ட் வராது. ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும் பவர் சப்ளை இதைச் சமாளிக்கும். பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் வைத்த பழைய வகை தடுமாறும். டல்லாக இருக்கிறது என்று அந்தச் சுவிட்சை 115 க்குத் தள்ளிவிடாதீர்கள். ஒருவர் தள்ளினார். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம்.

டல் கரண்டைவிட நான் பயப்படுவது இடிக்கு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிக்கும்போது பிளக்கைக் கழற்றுவார்கள், ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரை மறந்துவிடுவார்கள். என் சொந்தப் போர்டு அப்படித்தான் போனது. பிளக்கைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன், இடி டெலிஃபோன் வயரில் இறங்கி ரவுட்டர் வழியாக வந்து லேன் போர்ட்டைக் கருக்கிவிட்டது. இரண்டையும் கழற்றுங்கள். வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

யூபிஎஸ் நல்லதுதான், ஆனால் 650 விஏ என்றால் 650 வாட் இல்லை, பெரும்பாலும் 360 முதல் 390 வரைதான். கேமை சேவ் செய்து அணைக்க நேரம் தரும், மெட்சை முடிக்க நேரம் தராது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது எந்த யூபிஎஸ்ஸும் யாரையும் காப்பாற்றவில்லை.

இங்க குளிர்தானே, கூலர் எல்லாம் எதுக்கு?

குளிர் உதவும், உண்மைதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஃபேன் தள்ளும் காற்று கொஞ்சம் குறைவாகவே சூட்டை எடுக்கும். ஆனால் அறை பத்துப் பாகைக்கு மேல் குளிராக இருப்பது அதை ஈடுகட்டிவிடும். (உயரத்தில் ஹார்ட் டிஸ்க் கெடுமா என்றும் ஒருவர் கேட்டார். பெரும்பாலான டிஸ்குகளுக்கு 3,048 மீட்டர் வரை அனுமதி. பிதுருதலாகலை உச்சியே 2,524 தான்.)

இங்கே சூட்டுக்குக் காரணம் வேறு. விறகடுப்புப் புகை. கரி கலந்த எண்ணெய்ப் பசையோடு தூசி சேர்ந்து கூலரின் தகடுகளுக்கு நடுவே பழுப்புக் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. கூலரைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, புதுத் தெர்மல் பேஸ்ட் போட வேண்டும். 95 பாகையில் தவித்த சிபியு 68 க்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், செலவு ஒரு பேஸ்ட் குழாய். பிசி அடுப்படிச் சுவரோடு ஒட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். பனி நாளில் குளிர்ந்து கிடந்த பிசியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உடனே போடாமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள், உள்ளே வியர்த்திருக்கும்.

கொழும்புல பாவிச்ச கார்ட் மலிவா இருக்கு. மைனிங் கார்டா இருக்குமோ?

ஆர்எக்ஸ் 570, 580 என்றால் இருக்கலாம். மைனிங்கில் (கிரிப்டோ காசு எடுக்க இரவு பகலாக) ஓடியது என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். ஃபேன் ஆடுகிறதா, மெமரியில் பிழை வருகிறதா என்பதுதான் கேள்வி. 580 என்று சொல்லிக் கொடுப்பதில் 2048எஸ்பி என்ற வகையும் உண்டு, அது உள்ளே 570 தான். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள்: உண்மையான 580 க்கு 2304.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் வாங்குவதாக இருந்தாலும், விளம்பரம் பார்த்து ஒருவர் வீட்டுக்குப் போவதாக இருந்தாலும், ஓடவிட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். ஃபர்மார்க் (கார்டை முழு மூச்சில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) அல்லது ஏதாவது கேம், இருபது நிமிடம். திரையில் கோடு, புள்ளி, நிறப் பொட்டு எதுவும் வரக்கூடாது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய் வர ஒரு நாள் போகும். திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள், அதுவும் அந்த ஆள் ஃபோனை எடுத்தால். எனக்கு ஒருமுறை எடுக்கவில்லை.

கார்ட் மாத்திட்டேன், எஃப்பிஎஸ் கொஞ்சமும் கூடல. ஏன்?

மொனிட்டர் வயரைக் கார்டில் குத்தியிருக்கிறீர்களா, போர்டில் குத்தியிருக்கிறீர்களா? சிரிக்க வேண்டாம், மாதத்துக்கு ஒருவர் இதோடுதான் வருகிறார். புதுக் கார்டில் பழைய நீல விஜிஏ துவாரம் இல்லாததால், வயர் போகும் இடத்தில் குத்திவிடுகிறார்கள், அது போர்டு. பழைய மொனிட்டர் என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள்.

அது சரியாக இருந்தால், கேமில் விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மொனிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) 60 இல் பூட்டியிருக்கலாம். 60 ஹெர்ட்ஸ் மொனிட்டர் எப்படியும் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. அதுவும் இல்லையென்றால் நோர்வூட் தம்பியின் கதைதான், சிபியுவைப் பாருங்கள்.

விண்டோஸ் 10 முடிஞ்சுதாமே. இதுக்காகவே பிசி மாத்தணுமா?

2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை உண்டு. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000, அதோடு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப் வசதி). நாலாம் தலைமுறையில் குறுக்கு வழியில் போட்டுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வலோரண்ட் விளையாடுபவர் அப்படிச் செய்ய வேண்டாம். விண்டோஸ் 11 இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் வசதி) இரண்டையும் கேட்கும், இல்லாவிட்டால் உள்ளேயே விடாது.

சில புது கேம் ஓபனே ஆகல. மெதுவா ஓடினாலும் பரவால்ல, திறக்கவாவது வேணாமா?

சிலவற்றுக்கு மெதுவாக ஓடும் வழிகூடக் கிடையாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல்லில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. அதைக் கேட்கும் கேம் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். நாலாம் தலைமுறை ஐ5 இல் அது உண்டு. அதேபோல் 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம் புதுப் பாகம் இரண்டும் ரே டிரேசிங் (வெளிச்சம் போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. 1060, 580 எல்லாம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஒரு குறிப்பிட்ட கேமுக்காக அப்கிரேட் செய்வதாக இருந்தால், அதன் குறைந்தபட்சத் தேவையைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்.

திறக்கிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது என்றால் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். பழைய கார்டிலும் வேலை செய்யும், காசு இல்லை. அதே மாதிரி வேலை செய்யும் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு மட்டும்.

இப்ப கையில கொஞ்சம்தான் இருக்கு, தீபாவளிக்கு இன்னும் கொஞ்சம் வரும். எந்த வரிசையில செய்யட்டும்?

நம்ம ஊர் பிசியை வைத்துச் சொல்கிறேன். இந்த வாரம் பெரிய செலவில்லாமல் முடிவதைச் செய்யுங்கள்: கூலர் கழுவல், வயர், ரேம் சிலாட். இப்போது இருக்கும் காசுக்கு சாட்டா எஸ்எஸ்டி, மிச்சம் இருந்தால் இன்னும் 8 ஜிபி டிடிஆர்3. சிலாட் இரண்டுதான் என்றால் பழைய குச்சிகளைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிக் காசில் பவர் சப்ளையும் கார்டும் ஒன்றாக. கார்டை இப்போது வாங்கிவிட்டுப் பவர் சப்ளையைத் தீபாவளிக்குத் தள்ளுவது மட்டும் வேண்டாம், ஏன் என்பது மேலே மஸ்கெலியாத் தம்பியின் கதையில் இருக்கிறது.

மாதாமாதம் சீட்டுக் கட்டிப் பெரிய தொகையாக எடுக்கப் போகிறவர் என்றால் வேறு பதில். டிடிஆர்3 இல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கார்ட் மூன்றையும் அடுத்த பிசிக்கும் பொருந்துகிற மாதிரி பார்த்து வாங்கி, சீட்டு விழுந்த மாதம் போர்டு, சிபியு, ரேமை மாற்றிவிடுங்கள்.

அப்ப பழைய ஐ5 போர்டை என்ன செய்றது? வித்துடவா?

விற்றால் ஒன்றும் பெரிதாகத் தேறாது. அதை ஒரு பழைய கேசிங்கில் போட்டு, கழற்றி வைத்த 750 டிஐயை மாட்டி, ஏ/எல் (உயர்தரம்) படிக்கும் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுங்கள். சூம் வகுப்பும் பாஸ்ட் பேப்பரும் அதில் பறக்கும். போன வருடம் டிக்கோயாவில் ஒரு வீட்டில் அப்படிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அண்ணன்காரன் என்னிடம் வந்தான். தங்கச்சி ராத்திரியில் மைன்கிராஃப்ட் ஆடுகிறாளாம், இழுக்கிறதாம், எதை மாற்றலாம் என்று கேட்டனுப்பியிருந்தாள். ரேம் ஒரே குச்சியாக இருந்தது.